ராக்சனுக்கு மட்டும் வந்த அழைப்புகள்

மார்லிஸ் டாலெஃப்சன் இருபத்திரண்டு ஆண்டுகளாக அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் கட்சிக்காக வீடு வீடாகக் கதவு தட்டி வாக்குக் கேட்டவர். அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் கட்சி மாநாட்டுக்கு இந்த முறைதான் பிரதிநிதியானார். வேட்பாளராகப் போட்டியிட்ட தன் மாநில செனட்டரின் சார்பில் தேர்வானதால், முதல் சுற்றில் அவர் அந்த செனட்டருக்குத்தான் வாக்களிக்க வேண்டும். போன வருடம் கட்சியில் சேர்ந்த பக்கத்து வீட்டுப் பெண் ராக்சனோ, முதல் சுற்றிலேயே விரும்பியவருக்கு வாக்களிக்கக்கூடிய, யாருக்கும் கட்டுப்படாத பிரதிநிதி. போட்டியிட்ட மூவரில் எவருக்கும் பெரும்பான்மை இல்லாததால், மூவருமே ராக்சனைத் தொலைபேசியில் கெஞ்சினார்கள்.

“சாப்பிடவே விடமாட்டேங்கிறாங்க,” என்று தேவாலய விருந்தில் அலுத்துக்கொண்டார் ராக்சன். “உனக்கு அந்தத் தொல்லையே இல்ல, மார்லிஸ். குடுத்து வச்சவ.”

“ஆறிடப் போகுது, தின்னு.”

தன் செனட்டருக்குப் பெரும்பான்மை கிடைக்கக் கூடாதென்று மார்லிஸ் உள்ளுக்குள் வேண்டிக்கொண்டார். கிடைக்காவிட்டால் இரண்டாம் சுற்றில் தானும் விருப்பப்படி வாக்களிக்கலாம். தன்னையும் தேடி வருவார்கள்.

அப்படியே செனட்டருக்குப் பெரும்பான்மை கிடைக்கவில்லை. முதல் சுற்று முடிந்ததும் செனட்டரின் ஆள் அரங்கில் அவர்கள் வரிசைக்கு ஓடிவந்து, மார்லிஸைத் தாண்டிப் போய் ராக்சன் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“என்கிட்டயும் கேக்கலாமே,” என்றார் மார்லிஸ்.

“நீங்க நம்மாளுதானேம்மா. உங்ககிட்ட கேக்க என்ன இருக்கு?”

இரண்டாம் சுற்றில் மார்லிஸ் செனட்டரின் எதிராளிகளில் ஒருவருக்கு வாக்களித்தார்.