காதால் டைமிங் வைக்கிறவர்

ஸ்குரூ டிரைவரின் முனையை எஞ்சின்மேல் ஊன்றி, பிடியைக் காதில் அழுத்தி, கண்ணை மூடிக்கொள்வார் கீழக்கரை ரிஃபாய். இன்னொரு கை டிஸ்ட்ரிபியூட்டரை மயிரிழை மயிரிழையாகத் திருப்பும். எஞ்சினுக்குள் தீப்பொறி எப்போது விழவேண்டும் என்பது அந்தத் திருப்பலில்தான் இருக்கிறது. வெள்ளிதோறும் ஜும்ஆவுக்கு முன்னால் அதைத் திருப்பாவிட்டால் அவருக்குத் தொழுகையில் மனம் நிற்காது. வண்டி, பழைய பத்மினி கார்.

"காக்கா, டைமிங் லைட்ட அடிச்சுப் பாத்துருவமா?" என்று, அவரை அண்ணன் முறை வைத்துக் கூப்பிடும் மெக்கானிக் மதார் கேட்டால் போதும்.

"ஏலே, காது கேக்காதவனுக்குத்தான் லைட்டு. துபாய்ல எஞ்சினோடயே பொழங்குனவன் நான்."

பொழங்கியது உண்மை. உதிரிபாகக் கிடங்கில், அட்டைப்பெட்டியைவிட்டு வெளியே வராத எஞ்சின்களோடு.

போன மாதம் தொண்டியில் அண்ணன் மகள் மின்ஹாவுக்கு நிக்காஹ். அண்ணன் மௌத்தாகிவிட்டார், பெண்ணை ஒப்புக்கொடுக்க வேண்டியவர் ரிஃபாய்தான். தூரப் பயணமாயிற்றே என்று காலையில் டைமிங்கைக் கூடுதலாகவே முன்னால் தள்ளிவைத்தார்.

ராமநாதபுரம் பாலத்து ஏற்றத்தில் எஞ்சின் கடகடத்தது.

"மச்சான், டப்பாவுல ஆணியப் போட்டுக் குலுக்குனாப்புல இருக்கே?" என்றாள் மனைவி மஜீதா.

"அது பவரு. ஒனக்குப் புரியாது."

தேவிபட்டினம் தாண்டியதும் பவர் ஆவியாகப் புகைந்தது. இறங்கி டிஸ்ட்ரிபியூட்டரை எதிர்ப்பக்கமாகத் திருப்பினார். சைலன்சர் வெடித்ததில் உப்பங்கழிக் கொக்குகள் பறந்தன. வண்டி அசையவில்லை. மஜீதா பட்டுப்புடவையோடு வெயிலில் நின்றாள். போனில் மின்ஹாவே கூப்பிட்டாள், அழுகிற குரலில்: "எங்கன இருக்கீக சாச்சா? நிக்காஹ் ஓத வந்த அஜரத்து எந்திரிச்சுப் போயிருவாக போல!"

"இந்தா, வாசலுக்கு வந்துட்டேம்மா."

அதே கல்யாணத்துக்கு பைக்கில் வந்த மதார்தான் காப்பாற்றினான். காக்காவின் கார் இந்த ரோட்டில் வரும் என்று தெரிந்து, பையில் டைமிங் லைட்டையும் போட்டுக்கொண்டு வந்திருந்தான். டிஸ்ட்ரிபியூட்டரைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்து வண்டியைக் கிளப்பி லைட்டை அடித்தான். எஞ்சினில் சுழலும் சக்கரத்தின் வெள்ளைக் குறி, லைட்டின் மினுக்கலில் நிறுத்திவைத்தது போல் தெரிந்தது. மெல்லத் திருப்பிக் குறியை அதற்குரிய கோட்டில் சேர்த்தான். ரிஃபாய் அந்நேரம் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நிக்காஹ் நடந்தது, மின்ஹாவின் கண்மை கரைந்த பிறகு.

"ஏன் இம்புட்டுத் தாமசம்?" என்றார் அஜரத்.

ரிஃபாய் சபைக்கே கேட்கிற மாதிரிச் சொன்னார்: "வர்ற வழியில ஒரு அப்பாவி வண்டிய நிப்பாட்டிட்டு முழிச்சுக்கிட்டு நின்டான். டைமிங் வச்சுக் குடுக்காம வர மனசு கேக்கல."

விருந்தில் பக்கத்து சஹன் தட்டில் மற்றவர்களோடு சேர்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த மதாருக்குப் புரையேறியது. திரைக்கு அந்தப்பக்கம் பெண்களோடு இருந்த மஜீதாவுக்கும் அவர் சொன்னது கேட்டது.

சாயந்தரம் ரிஃபாய் காரின் முன்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். மஜீதா அதைத் தாண்டி நடந்து, ராமநாதபுரம் பஸ்ஸில் ஏறி, அவர் நின்ற பக்கத்து ஜன்னல் ஷட்டரை இழுத்து இறக்கினாள்.