மூணு சுத்து ஸ்ப்ரிங்

பெங்களூர் அடுகோடியில் எங்கள் தெருமுனைச் சுவரில் அம்மன் கோயில் திருவிழா நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். தமிழில் அச்சடித்தது. ஒன்றாம் வகுப்புப் படிக்கும் என் மகள் அதன் முன்னால் நின்று, "அம்மா, இது இன்னா டிசைன்?" என்று கேட்டாள். நாள் முழுக்கத் தமிழில் வாயாடுகிற பெண். பள்ளியில் கன்னடமும் இங்கிலீஷும்தான். தான் பேசும் பேச்சுக்கு எழுத்து என்று ஒன்று இருப்பதே அவளுக்குத் தெரியவில்லை.

நான் கிருஷ்ணகிரியில் தமிழ் மீடியத்தில் படித்தவள். கல்யாணமாகி பெங்களூர் வந்தவள். அன்று சாயங்காலமே சிலேட்டில் 'அ' எழுதிக் கொடுத்து உட்காரவைத்தேன். நான்கைந்து தடவை எழுதியதும் அவளுக்குக் கொட்டாவி வந்துவிட்டது. அவளுக்கு இளையவன், நாலு வயது மகன், பல்பத்தைக் கடித்துத் தின்று முடித்திருந்தான்.

ஒரு வாரம் கழித்து, பீரோவின் மேல் கிடந்த பழைய கல்யாணப் பத்திரிகைகள் கண்ணில் பட்டன. நல்ல தடிமனான அட்டை. சீட்டுக்கட்டு அளவில் வெட்டி, மார்க்கரால் ஒவ்வொரு எழுத்தையும் இரண்டிரண்டு சீட்டில் எழுதினேன். விளையாட்டு இதுதான்: சீட்டுகளைப் பங்கிட்டுக்கொண்டு ஆளுக்கொன்றாகப் பாயில் போட வேண்டும். போடும்போது எழுத்தின் பெயரைச் சொல்ல வேண்டும். முன்னால் விழுந்த எழுத்தே மறுபடி விழுந்தால், யார் கை முதலில் அதன்மேல் அடிக்கிறதோ அவருக்குக் குவியல் முழுவதும்.

சிலேட்டைக் கண்டு ஓடிய இரண்டும் பாயைவிட்டு எழுந்திருக்க மறுத்தன. 'ல' விழுந்தபோதும் 'வ' விழுந்தபோதும் ஒரே கூச்சல். மகன் எதைப் பார்த்தாலும் அடித்தான். அக்கா கையை, என் கையை, காலியான பாயை. அடித்து அடித்தே எழுத்துகள் அவன் தலைக்குள் இறங்கின.

என் கணவருக்கு கிரில் கேட், ரோலிங் ஷட்டர் செய்யும் பட்டறையில் வேலை. அடுகோடியிலேயே பிறந்து வளர்ந்தவர். வந்ததும் குளித்துவிட்டு, சுவரோரம் படுத்து போனில் கிரிக்கெட் பார்ப்பார். ஒருநாள் மகன் அவர் காலைப் பிடித்து இழுத்துவந்து பாயில் உட்காரவைத்தான்.

"டேய், எனக்கு வேணாம்டா. நீங்க ஆடுங்க."

"சும்மா ஆடுப்பா!"

அவர் முதல் சீட்டைப் போட்டார். மகள் அவர் முகத்தைப் பார்த்தாள்.

"பேர் சொல்லுப்பா."

"இது... மூணு சுத்து ஸ்ப்ரிங்."

அது 'ண'. குழந்தைகள் உருண்டு உருண்டு சிரித்தார்கள். மகளுக்குச் சட்டென்று ஏதோ புரிந்து, "அப்பா, உனக்குத் தமிழ் படிக்கத் தெரியாதா?" என்றாள்.

அவர் கன்னட மீடியத்தில் படித்தவர். தமிழ் படிக்க வராது என்பது எனக்குத் தெரியும். ஆனால் குழந்தைகள் எதிரில் அந்தப் பேச்சு வந்ததேயில்லை. அவர் முகம் ஒரு கணம் சிவந்தது. பிறகு கைகளை விரித்தார்.

"கொத்தில்ல கண்ணு, தெரியாது. எங்க ஸ்கூல்ல யாரும் சொல்லிக் குடுக்கல."

மகனுக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே! வீட்டில் தன்னைவிடக் குறைவாகத் தெரிந்த ஆள் ஒருவர், அதுவும் அப்பா. அவர் மடியில் ஏறி நின்று சீட்டை மூக்குக்கு நேராகப் பிடித்தான்.

"இது 'ஆ'. வாயைத் திறப்பா. டாக்டர்கிட்ட காட்டுவல்ல, அப்டி."

அவர் வாயைத் திறந்தார். மகன் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, "சரியா இருக்கு" என்றான்.

அன்றிலிருந்து நால்வரும் ஆடினோம். அவர் தன் பட்டறை மொழியிலேயே எழுத்துகளைப் பிடித்துக்கொண்டார். 'ட' என்றால் 'எல்' போல மடங்கிய இரும்பு ஆங்கிள். 'ப' என்றால் மூன்று பக்கம் உள்ள சேனல். 'ன' ரெண்டு சுத்து, 'ண' மூணு சுத்து. குழந்தைகளும் அப்படியே சொல்ல ஆரம்பித்தார்கள். திருத்தப் போய், நானே ஒருநாள் "ஏங்க, அந்த ஆங்கிளை எடுங்க" என்று சொல்லித் தொலைத்தேன். புள்ளியும் கொம்பும் காலும் சேர்ந்து கட்டு பெருத்தது. இரும்பு பிடித்துப் பழகிய அவர் கை பாயில் விழும்போது வீடே அதிரும். கீழ்வீட்டு அம்மா ஒருமுறை மேலே வந்து, "ஏனம்மா இது கலாட்டே?" என்று கன்னடத்தில் கேட்டுவிட்டு, வாசலிலேயே நின்று ஒரு ஆட்டம் பார்த்துவிட்டுத்தான் போனார்.

தமிழில் தேறியதும் அவர் என்னைப் பழி தீர்த்துக்கொண்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் உட்கார்ந்து கன்னடச் சீட்டுகள் எழுதினார். கன்னடத்தில் 'ப'வும் 'வ'வும் எனக்கு ஒன்றுபோலவே தெரிந்தன. தொடர்ந்து தோற்றேன். "அம்மா ஃபெயில்!" என்று மூவரும் சேர்ந்து கத்தினார்கள். இத்தனை சந்தோஷமாக நான் எதிலும் தோற்றதில்லை.

பொங்கலுக்கு என் அம்மா வீட்டுக்குப் பஸ்ஸில் புறப்பட்டோம். கர்நாடக எல்லையான அத்திபெலே தாண்டியதும் கடைப் பலகைகள் தமிழுக்கு மாறின. ஜன்னலோரம் இருந்த அவர் முதலில் முணுமுணுப்பாகத்தான் ஆரம்பித்தார். ஓசூர் வருவதற்குள் குரல் ஏறிவிட்டது. "டீ... ஸ்... டால்! டீ ஸ்டால்! ப... ஞ்... சர்! ஏம்மா, பஞ்சர் கடை!" எத்தனையோ முறை வந்துபோன சாலைதான். அவர் அதை இப்போதுதான் பார்ப்பதுபோல் இருந்தது. பின்சீட்டுக்காரர்கள் சிரித்தார்கள். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, அவர் தோளில் சாய்ந்துகொள்ள வேண்டும்போலவும் இருந்தது.

ஊர் நெருங்கும்போது பெரிய பெயர்ப்பலகை ஒன்று வந்தது. நெரிசலில் பஸ் அதன் பக்கத்திலேயே நின்றது.

"கி... ரு..." என்று நிறுத்தினார். "இந்தச் சீட்டு நம்ம கட்டுல இல்லையே?"

அது 'ஷ்'. நான் எழுதவே மறந்த எழுத்து. மகள் உதட்டைப் பிதுக்கினாள். நான் சொல்ல வாயெடுத்தேன். அவர் கையைக் காட்டித் தடுத்தார். அந்த எழுத்தைத் தாண்டிப்போய், மிச்சத்தைப் படித்து, திரும்பி வந்தார்.

"கிரு... ணகிரி. கிருஷ்ணகிரி!"

பஸ் முழுக்கக் கேட்கும்படி கத்திவிட்டார். கண்டக்டர் திரும்பிப் பார்த்தார்.

"பஸ் ஸ்டாண்டு இன்னும் வரல சார். இங்கயே எறங்கணுமா?"

"இல்லீங்க," என்றார் என் கணவர். "படிச்சேன்."