கதியால்களை மரமென்று எழுதிய சுரேகா

எண்பத்தேழு வீதம். 2023 டிசம்பர் 19ஆம் திகதி சுரேகா தன் கைப்பட எழுதிக்கொடுத்த எண் அது. அது பிழை என்று இப்போது அலுவலகத்தில் எழுதிக்கொடுத்திருப்பவரும் அவரேதான்.

சுரேகாவுக்கு வயது முப்பத்திரண்டு. வீடு விசுவமடுவில். வீதி போடக் கிரவல் கல்மண் அள்ளி முடித்த குழிகளை மூடி மரம் நட்டிருக்கிறார்களா, நட்டதில் எத்தனை உயிரோடு நிற்கிறது என்று எண்ணுவது, அகழ்வு அனுமதி கொடுக்கும் அலுவலகத்தில் அவருடைய வேலை. மாரியில் ஒரு தடவை, கோடையில் ஒரு தடவை. ஸ்கூட்டி அவருடையது, அளவு நாடாவும் படிவங்களும் அலுவலகத்தினுடையவை.

நாவலடிக் குளத்துக்கு மேலே இருக்கும் குழி ஆறு ஏக்கர். அள்ளிய ஒப்பந்தகாரர் அதில் அறுநூறு கன்று நடவேண்டும்: பாலை, வேம்பு, மருது. டிசம்பரில் சுரேகா போன அன்று மழை விடவேயில்லை. பொழுதுபடுவதற்குள் இன்னும் இரண்டு குழி பார்க்க இருந்தது. நின்றவற்றில் பெரும்பகுதி கன்றுகளே அல்ல. வேலிக்கு வெட்டி ஊன்றுவோமே, அந்தச் சீமைக்கிளுவைக் கதியால்கள். இனம் மாறியிருக்கிறது என்று குறிப்பில் எழுதினார். ஆனால் தடிக்குத் தடி கொழுந்து விட்டிருந்தது. வன்னியில் வேலி போட்ட எவரும் கொழுந்தைக் கண்டால் கதியால் பிடித்துவிட்டது என்று அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். சுரேகாவும் அப்படித்தான் போனார். உயிரோடு நிற்பவை 522 என்று எழுதினார். குறிப்பை யாரும் வாசிக்கவில்லை. எண்ணை எல்லோரும் வாசித்தார்கள்.

இந்த ஜூலையில் திரும்பப் போனபோது வரிசை வரிசையாகக் காய்ந்த தடிகள். ஒன்றைப் பிடித்தார். கையோடு வந்தது. அடியில் ஒரு வேர் இல்லை. கத்தி வெட்டிய சரிவு அப்படியே இருந்தது. வீட்டு வளவில் வேலிக்குக் கீழே மண் இருக்கிறது. இங்கே இறுகிய கிரவலுக்கு மேல் ஒரு சாண் மண்கூடப் போடவில்லை. தடிக்குள் இருந்த ஈரத்தில் தழைத்து, அது தீர்ந்ததும் பட்டுப்போயிருக்கின்றன.

ஒப்பந்தகாரரின் மேற்பார்வையாளர் செந்தூரன் மோட்டார் சைக்கிளை விட்டு இறங்காமலே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன மிஸ், இப்பிடிப் பிடுங்கிப் பிடுங்கிப் பாத்தா எதுதான் பிழைக்கும்?"

"பிளானில பாலையெல்லோ இருக்கு. கன்றுகள் எங்க?"

"பாலை வளந்து நிக்க என்ர பேரப்பிள்ளை வரவேணும். பச்சை எண்டால் எல்லாம் பச்சைதானே. எண்பத்தேழு தந்தது நீங்கள், நானில்லை."

சுரேகா முதல் வரிசையிலிருந்து எண்ணத் தொடங்கினார். நாலாவது வரிசைக்கு வந்தபோது அங்கே தடிகளைக் காணவில்லை. குளத்துக்குக் கீழே வயல் செய்யும் இரஞ்சிதம் அவற்றைப் பிடுங்கிக் கட்டாகக் கட்டிக்கொண்டிருந்தார்.

"அக்கா, அதை எடுக்காதேங்கோ! நான் எண்ணவேணும்."

"எண்ணிப்போட்டுத் தா பிள்ளை. போனமுறையும் எண்ணினனீதானே, மரமெண்டு எழுதினாய். இந்தமுறை விறகெண்டாவது எழுது."

சுரேகாவுக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. இரஞ்சிதம் கட்டை அவிழ்த்துத் தடிகளை ஒவ்வொன்றாகப் போட்டுக் காட்டினார். பிறகு மேட்டுப் பக்கம் கையை நீட்டினார்.

"அடுத்தது அந்த நாலு ஏக்கராம். குளத்துக்குத் தண்ணி வாறதே அதாலதான். அதைக் கிண்டினா வாற தண்ணியெல்லாம் குழிக்குள்ள நிண்டிடும். பிறகு வயலுக்குள்ள நான் எதை விதைக்கிறது, கிரவலையோ?"

பழைய குழியில் எழுபத்தைந்து வீதம் பிடித்திருந்தால்தான் அடுத்த குழிக்கு அனுமதி. அந்த அனுமதி சுரேகாவின் எண்ணை வைத்துக் கொடுக்கப்பட்டது. அன்று பின்னேரம் எண்ணி முடித்தபோது அறுநூறில் உயிரோடு நின்றவை எழுபத்தொன்று.

மறுநாள் காலை மேலதிகாரி கதிர்காமநாதனின் மேசையில் வேரில்லாத தடிகள் மூன்றை வைத்தார். அவர் முதலில் தடிகளுக்குக் கீழே இருந்த கோப்பை இழுத்து மண் தட்டினார்.

"கோடைக் கணக்கில போடும். அது அடுத்த வருச அறிக்கைக்குப் போகும்."

"சேர், அடுத்த வருசம் அங்க குழிதான் இருக்கும். டிசம்பர் கணக்குப் பிழை. பிழை விட்டது நான்தான் எண்டு நானே எழுதித் தாறன்."

"எழுதித் தந்தா? உம்மட மற்ற முப்பது குழிக் கணக்கையும் பிறகு ஆர் நம்புறது? கொஞ்சம் யோசியும் பிள்ளை."

சுரேகா யோசித்தார். மற்றக் குழிகளிலும் கதியால்கள் நின்றது நினைவுக்கு வந்தது. அதையும் சேர்த்தே எழுதினார்: கொழுந்தை மட்டும் பார்த்தேன், வேரைப் பார்க்கவில்லை, எல்லாவற்றையும் திரும்ப எண்ணவேண்டும். இரண்டு பக்கம், பதினாறு படம். கொடுத்த கணக்கைத் திருத்துவதற்கு அலுவலகத்தில் படிவம் கிடையாது. எந்தக் கோப்பில் போடுவது என்று எழுதுவினைஞர் மூன்று நாள் தேடினார். கடைசியில் 'பொது' என்ற கோப்பில் போட்டு முத்திரை குத்தினார்.

கடிதத்தை ஓகஸ்ட் 22ஆம் திகதிக் கூட்டத்தில் ஒன்பதாவது விடயமாக எடுக்கிறார்கள். மேட்டு நாலு ஏக்கரைக் கிண்ட பெக்கோ இயந்திரம் வருவது ஓகஸ்ட் 5ஆம் திகதி.