எல்லாமே அர்ஜென்ட்

பிளவுஸ் தைக்கிற கடையில் அதிகமாகத் தேய்வது கத்தரிக்கோல் இல்லை, ‘அர்ஜென்ட்’ என்கிற வார்த்தைதான். மயிலாப்பூரில் பன்னிரண்டு வருஷமாகக் கடை வைத்திருக்கிறேன். அதைச் சொல்லாமல் துணி கொடுத்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். மிஷின் மிதிக்கிற சகோதரிகளே, உங்களுக்கும் இதே கதிதானே?

சிவப்புச் சீட்டு

தொல்லை தாங்காமல் நானே ஒரு வழி செய்தேன். அர்ஜென்ட் துணிக்குச் சிவப்புச் சீட்டு, மற்றதற்கு வெள்ளை. சிவப்பை முதலில் வெட்டுவோம். என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன். ஒரே வாரத்தில் அலமாரி முழுக்கச் சிவப்பு.

ராயப்பேட்டையிலிருந்து வந்து ஹூக் வைத்துத் தருகிற ஃபாத்திமா அக்கா அலமாரியை ஏற இறங்கப் பார்த்தார். “செவப்பு பேப்பர் இன்னும் ரெண்டு கட்டு வாங்கிப் போடு. வெள்ள இன்னாத்துக்கு, சும்மா அழகுக்கா கீது?”

மாமியின் சீமந்த பிளவுஸ்

“தங்கை பொண்ணுக்கு நாளைக்குச் சீமந்தம், அர்ஜென்ட்!” என்று மாட வீதி மாமி ஒருவர் மூச்சிரைக்க வந்தார். மதியச் சாப்பாட்டைக்கூட விட்டுவிட்டுத் தைத்தேன். ஆளையே காணோம். மூன்று மாதம் கழித்து ஸ்வீட் டப்பாவோடு வந்து நின்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அந்த லட்டை அப்படியே திருப்பிக் கொடுத்திருக்க வேண்டும். தின்றுவிட்டேன்.

“சீமந்தத்துக்கு வேற புடவை கட்டிண்டுட்டேம்மா. நாளைக்குக் குழந்தைக்குப் பேர் வைக்கறா. கையை மட்டும் கொஞ்சம் லூஸ் பண்ணிக் குடேன், அர்ஜென்ட்!”

வெள்ளைச் சீட்டு

எங்கள் தெருவில் மீன் விற்கிற ஸ்டெல்லா அக்கா, மகள் நிச்சயதார்த்தத்துக்காகத் தனக்கென்று முதல் முதலாகப் பட்டு எடுத்திருந்தார். துணியைக் கொடுத்து, “இருபத்தெட்டாம் தேதி காலைல வரேன்” என்றார், அவ்வளவுதான். வெள்ளைச் சீட்டில் தேதியை எழுதிக் குத்தினேன்.

அன்று காலை தலை நிறையப் பூவோடு, பட்டு கட்டி, பழைய பிளவுஸில் வந்தார். வாசலில் ஆட்டோ. துணியோ சிவப்புச் சீட்டுகளுக்கு அடியில், வெட்டாமலே கிடந்தது. அவரை ஸ்டூலில் உட்கார வைத்துவிட்டு நான் வெட்டித் தைக்க, ஃபாத்திமா அக்கா ஹூக் வைத்தார். மாப்பிள்ளை வீட்டார் வந்துவிட்டதாக ஃபோன் மேல் ஃபோன். ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை ஸ்டெல்லா அக்கா. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

திரைக்குப் பின்னால் மாற்றிக்கொண்டு வந்தவரிடம், “அர்ஜென்ட்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேக்கா” என்றேன், வெட்கம் கெட்டுப்போய்.

“தேதி சொன்னேனேம்மா. அதுக்கு மேல இன்னா சொல்லணும்?”

அன்றோடு சிவப்புச் சீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டு, அர்ஜென்ட் என்று சொல்லாதவர்களுக்குத்தான் முதலில் தைக்கிறேன். தயவுசெய்து இதை வெளியே சொல்லிவிடாதீர்கள், நாளையிலிருந்து ஒருத்தரும் வாயைத் திறக்க மாட்டார்கள்.