டோருனின் குறைகள்

முனைவர் பட்ட ஆய்வுக்கு விண்ணப்பித்ததை டோருன் தன் தங்கையிடம்கூடச் சொல்லவில்லை. ஆனாலும் அவள் ரொட்டி வாங்கக் கடைக்குப் போவதற்குள் ஊருக்கே விஷயம் தெரிந்திருந்தது. எங்கள் நாட்டில் அரசு வேலைக்கு யார் யார் விண்ணப்பித்தார்கள் என்று கேட்டால் பட்டியலைக் கொடுத்துவிடுவார்கள். ஆராய்ச்சி மாணவராவதும் இங்கே சம்பளம் வாங்கும் வேலைதான். விளம்பரம் வரும், ஒரே ஒரு இடத்துக்கு உலகமே போட்டி போடும். என் பெயரை வெளியிட வேண்டாம் என்று ஒரு வரி எழுதியிருந்தால் போதும். நோர்வேயின் வடகோடியில் கிடக்கும் ஒரு மீன்பிடி ஊரில் எவன் பல்கலைக்கழகத்துப் பட்டியலைக் கேட்டு வாங்கப்போகிறான் என்று டோருன் அலட்சியமாக இருந்துவிட்டாள். எங்கள் வட்டாரப் பத்திரிகைக்காரனுக்குக் குளிர்காலத்தில் வேறு வேலை கிடையாது என்பது அவளுக்கு ஞாபகம் வரவில்லை.

கடையில் ஒருவரும் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. காற்றைப் பற்றிப் பேசினார்கள், நண்டுப் படகுகள் திரும்பாததைப் பற்றிப் பேசினார்கள், அவள் முதுகுக்குப் பின்னால் மெதுவாகத் தலையாட்டிக்கொண்டார்கள். கல்லாவில் உட்கார்ந்திருந்த அவள் தங்கை ரெய்டுன்தான் கடைசியில் பொறுக்கமாட்டாமல் ஆரம்பித்தாள்.

"பத்திரிகையில உன் பேருக்கு மேல பாரிஸ்ல படிச்சவன் ஒருத்தன், கீழ டெஹ்ரான்ல படிச்சவ ஒருத்தி. நடுவுல எங்கக்கா, பனி தள்ற வண்டி டிரைவர். என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னா கொறஞ்சா போயிடுவ?"

"கெடைக்காமப் போனா ஊரு சிரிக்கும்னு பயந்தேன்டி."

"சிரிச்சாக்கூடப் பரவால்லியே. நம்ம ஊரு ஒண்ணுமே சொல்லாது. நீ சாகுற வரைக்கும் ஒண்ணுமே சொல்லாது."

அதுதான் உண்மை. கிடைக்கவில்லை என்றால் யாரும் கேலி செய்யமாட்டார்கள். பாவம், ஆசைப்பட்டாள் என்ற பார்வையோடு காபி ஊற்றிக் கொடுப்பார்கள். அந்தக் காபியைக் குடிப்பதைவிடக் கடலில் குதிக்கலாம் என்று டோருனுக்குத் தோன்றியது. அதோடு அவளுக்கு அந்த இடம் வேண்டும். இவ்வளவு வேண்டும் என்று ஒன்றை அவள் இதுவரை விரும்பியதே இல்லை.

எங்கள் ஊரையும் வெளியுலகத்தையும் சேர்ப்பது ஒரே ஒரு மலைச்சாலை. மரமில்லாத மொட்டை மேடு. காற்று கிளம்பிவிட்டால் முன்னால் போகும் வண்டியின் சிவப்பு விளக்குகூடத் தெரியாது. அப்போது சாலையின் குறுக்கே கேட்டைப் போட்டு வண்டிகளை நிறுத்திவைத்து, பத்துப் பதினைந்தாகச் சேர்த்துக் கான்வாயாகக் கூட்டிப் போவார்கள். முன்னால் பனி தள்ளும் பெரிய வண்டி, அதன் மஞ்சள் விளக்கைப் பார்த்துக்கொண்டு பின்னால் மற்றவர்கள். பிள்ளை பெறப் போகிறவளும் பல் பிடுங்கப் போகிறவனும் அந்த மஞ்சள் விளக்கை நம்பித்தான் போகவேண்டும். டோருன் பல வருடங்களாக அந்த முன்வண்டியை ஓட்டுகிறவள்.

அந்தச் சாலையில் ஒரு வளைவு உண்டு. எவ்வளவு தள்ளினாலும் திரும்பி வருவதற்குள் அங்கே மட்டும் பனி மறுபடி குவிந்து கிடக்கும். பனியைத் தடுக்க மேட்டில் நட்டிருக்கும் மரவேலி தப்பான இடத்தில் இருக்கிறது, அதனால்தான் காற்று பனியைக் கொண்டுவந்து இங்கே கொட்டுகிறது என்று டோருன் வருபவர் போகிறவரிடமெல்லாம் சண்டை பிடித்தாள். சண்டை முற்றி, அதை நிரூபித்துக் காட்டுகிறேன் பார் என்று வீம்புக்குப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தாள். குளிர்காலத்தில் வண்டி, கோடையில் பாடம் என்று முதுகலையை இழுத்து இழுத்து முடித்தாள். முடிவில் அவள் கண்டுபிடித்தது என்ன தெரியுமா? வேலி சரியான இடத்தில்தான் இருந்தது. வண்டிகள் பள்ளத்தில் விழாமல் இருக்க சாலையோரமாகப் போட்ட இரும்புத் தடுப்புதான் பனியைப் பிடித்து நிறுத்திக் குவித்திருக்கிறது. அந்தத் தடுப்பைப் போடச்சொல்லி மனுக் கொடுத்தவர்களில் அவளும் ஒருத்தி. தான் தப்பு என்று தானே நிரூபித்துப் பட்டம் வாங்கியவள் எங்கள் டோருன்.

பட்டம் வந்த அன்று, பனி வண்டிகள் நிற்கும் டிப்போவின் மேலாளர் ஹில்மார், "அப்ப முடிஞ்சுதுன்னு சொல்லு," என்றார். அவ்வளவுதான் வாழ்த்து. எங்கள் ஊரில் ஒருவரை உயிரோடு இருக்கும்போது புகழ்கிற வழக்கம் கிடையாது. அது சவப்பெட்டியை மூடிய பிறகு பாதிரியார் செய்யவேண்டிய வேலை. பிள்ளை நன்றாகப் பாடினால் தொண்டை கட்டிக்கொள்ளப் போகிறது என்போம். மருமகள் நன்றாகச் சமைத்தால் இன்னும் கொஞ்சம் போடச் சொல்வோம். ஹில்மார் இந்த விஷயத்தில் எங்கள் எல்லோரையும் தூக்கிச் சாப்பிட்டுவிடுவார்.

விண்ணப்பத்தில், தன்னைப் பற்றி விசாரித்துக்கொள்ள இரண்டு பேருடைய பெயரைத் தரவேண்டியிருந்தது. ஒருவர் முதுகலையில் வழிகாட்டிய பேராசிரியர். இன்னொரு பெயராக, தன்னை வருடக்கணக்காகத் தெரிந்தவர் என்று ஹில்மாரைக் கொடுத்தாள். வேறு ஊர்க்காரியாக இருந்தால் இந்தத் தப்பைச் செய்திருக்கமாட்டாள்.

கடைசிச் சுற்றுக்கு மூன்று பேர் தேறினார்கள், டோருனும் அதில் இருந்தாள். நேர்முகத் தேர்வுக்கு விமானம் பிடிக்க மலையைத் தாண்ட வேண்டும். அன்றைக்குப் பார்த்து மலை முழுதாக மூடிவிட்டது, கான்வாய்கூடக் கிடையாது. வேறு வழியில்லாமல் டிப்போவின் ஓய்வறையில் மடிக்கணினியை வைத்து, பின்னால் தொங்கிய எண்ணெய்க்கறை மேலங்கிகளைக் கழற்றி மறைத்துவிட்டு, அங்கிருந்தே பேச உட்கார்ந்தாள். வெள்ளிக்கிழமைதோறும் டிப்போவில் வாஃபிள் சுடுவது வழக்கம் என்பதால் பக்கத்துச் சமையலறையில் ஹில்மார் மாவை ஊற்றிச் சுட்டுக்கொண்டிருந்தார். நடுவில் இருந்தது வெறும் பலகைச் சுவர்.

திரையில் மூன்று பேர். நடுவில் இருந்தவர் மார்லேன், நெதர்லாந்திலிருந்து வந்து இங்கேயே தங்கிவிட்ட பேராசிரியர், எங்கள் மொழியை எங்களைவிடச் சுத்தமாகப் பேசுகிறவர். பனி பற்றிய கேள்விகளுக்கு டோருன் நன்றாகவே பதில் சொன்னாள். அப்போது மார்லேன் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, உங்கள் மேலாளரிடம் பேசினோம், கொஞ்சம் கவலையாக இருக்கிறது என்றார். ஹில்மார் தொலைபேசியில் சொன்னதை வரிசையாகச் சொன்னார். வண்டியை நட்டநடு மேட்டில் நிறுத்திவிட்டு இறங்கிப்போய்ப் பனியை அளப்பாள். பின்னால் ஒரு வரிசை வண்டி காத்திருப்பதைப் பற்றிக் கவலைப்படமாட்டாள். எதையும் தன் கண்ணால் பார்க்காமல் நம்பமாட்டாள். ஒரு தடவை வண்டியைப் பள்ளத்தில் இறக்கியிருக்கிறாள். பிடிவாதக்காரி. இதைத் தவிர அவர் வேறு ஒன்றும் சொல்லவில்லை, நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று மார்லேன் கேட்டார்.

டோருனுக்குக் காது சூடாகிவிட்டது. மறுத்துப் பேசினால் ஹில்மாரைப் பொய்யர் ஆக்கியதாகும். தன் பெருமையைத் தானே பேசுவதோ அதைவிடக் கேவலம். அம்மா வளர்த்த வளர்ப்பு அப்படி. எங்களில் யாராக இருந்தாலும் சொல்லக்கூடியதைத்தான் அவளும் சொன்னாள்.

"அவர் சொன்னது நெசம்தான்."

திரையில் இருந்த மூவரும் குனிந்து ஏதோ எழுதிக்கொண்டார்கள். எல்லாம் முடிந்தது என்று அவளுக்குப் புரிந்தது. ரெய்டுன் கண்ணில் விழிக்கவேண்டும், கடைக்குப் போகவேண்டும், அந்தக் காபியைக் குடிக்கவேண்டும்.

சமையலறைக் கதவு திறந்தது. ஹில்மார் மாவு ஒட்டிய கரண்டியோடு உள்ளே வந்து, கேட்காமல் கொள்ளாமல் அவள் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். காதுமடல்வரை சிவந்திருந்தார். டோருன் அவரைத் தடுக்கப் பார்த்தாள். அவர் அவள் பக்கம் திரும்பவே இல்லை.

"நான்தான் ஹில்மார். இவ எப்பிடிப்பட்டவன்னு நீங்க போன்ல கேட்டீங்க. ஒரு ஆளோட குறை தெரிஞ்சாத்தான் வேலைக்கு வெச்சுக்க முடியும், அதனால குறையைச் சொன்னேன். மத்தது தானாத் தெரியும்னு நெனச்சேன். உங்களுக்குத் தெரியல போல."

மார்லேன் பேனாவைக் கீழே வைத்தார்.

"ரெண்டு வருசம் முன்னாடி என் பொண்டாட்டி மோல்ஃப்ரிட்டுக்கு நெஞ்சுவலி. இன்னிக்கு மாதிரிதான், மலை மூடியிருந்துச்சு. ஆம்புலன்ஸுக்கு முன்னாடி வண்டிய ஓட்டிட்டுப் போனவ இவ. பாதி வழியில நிறுத்தி, எறங்கிப் போயிப் பனிய அளந்தா. நான் பின்னால உக்காந்து அவளைத் திட்டுன திட்டு கொஞ்சநஞ்சமில்ல. முன்னால ரோடே இல்ல, சரிஞ்சு கெடந்துச்சு. அளக்காமப் போயிருந்தா எல்லாரும் கீழ கெடந்திருப்போம், அளந்து அளந்து ஓரமாவே கூட்டிட்டுப் போய்ச் சேத்தா. மோல்ஃப்ரிட் இப்ப வீட்ல மீன் வறுத்துட்டு இருக்கா." கரண்டியைப் பார்த்துக்கொண்டார். "அவ்வளவுதான். வாஃபிள் கருகுது."

அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். கருகல் வாடை அறைக்குள் வந்துவிட்டது. மார்லேன் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, இப்போது அவர் சொல்லிவிட்டார், நீங்கள் உங்களைப் பற்றி ஒன்று சொல்லுங்கள், நல்லதாக, என்றார்.

டோருன் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். வாழ்நாளில் சொல்லாததைச் சொன்னாள்.

"வேலிதான் தப்புன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். தப்பு என்மேலதான்னு நானே கண்டுபிடிச்சேன். யாரும் கேக்கல, மறைச்சிருக்கலாம். மறைக்காம எழுதினேன். எனக்கு அதுல பெருமை இருக்கு. நெறையவே இருக்கு."

எங்கள் ஊரில் ஒருவர் தன்னைப் பற்றி அப்படிச் சொல்லி நான் கேள்விப்பட்டது அதுதான் முதல் தடவை. மார்லேன் அதை எழுதிக்கொள்ளவில்லை.

முடிவும் இங்கே யார் கேட்டாலும் கிடைக்கும். பத்திரிகைக்காரன் கேட்டு வாங்கினான். முதல் இடத்தில் டோருன் பெயர் இருந்தது. அவள் கடைக்குப் போனாள். எல்லோரும் காற்றைப் பற்றிப் பேசினார்கள். ஆனால் ஒவ்வொருவரும் அவள் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் பேசினார்கள். ரெய்டுன் அவளிடம் ரொட்டிக்குக் காசு வாங்க மறுத்துவிட்டு, மூக்கைச் சிந்திக்கொண்டு சரக்கு அடுக்கப் போய்விட்டாள்.

ஈஸ்டர் சமயத்தில் கடைசிப் புயல் வந்தது. டோருன் ஓட்டப்போகும் கடைசிக் கான்வாய் அதுதான். கேட்டுக்குப் பின்னால் வண்டிகள் வரிசையாக நின்றன. ஹில்மார் வரிசையைச் சரிபார்த்துவிட்டு அவள் வண்டியின் படியில் ஏறி, ஜன்னலில் சாய்ந்து நின்றார். அவள் ரொம்ப நாளாகக் கேட்க நினைத்ததைக் கேட்டாள்.

"மோல்ஃப்ரிட்டைக் கூட்டிட்டுப் போன அன்னைக்கி வண்டி ஓட்டறது எமுண்டோட முறையாச்சே. அவனுக்கு ஜுரம்னு சொல்லித்தானே என்னைக் கூப்பிட்டீங்க? நான் நல்லா ஓட்டினேன்னு சொல்றீங்க. அவன் வந்திருந்தா அவனும்தான் ஓட்டியிருப்பான்."

ஹில்மார் கையுறையில் ஒட்டியிருந்த பனியைத் தட்டினார்.

"எமுண்டுக்கு ஜுரமெல்லாம் ஒண்ணுமில்ல. உள்ள உக்காந்து காபி குடிச்சிட்டு இருந்தான்."

டோருன் ஸ்டியரிங்கில் முகத்தைக் கவிழ்த்துக்கொண்டாள். அவர் படியிலிருந்து இறங்கிக் கேட்டைத் திறக்கப் போனார். பாதி வழியில் திரும்பி, "முகத்தைத் துடைச்சுக்கிட்டு வண்டிய எடு, ஜனங்க காத்திருக்காங்க," என்று கத்தினார்.