எந்தப் பரகேசரி?

என் கணவர் சூரமங்கலம் ரயில்வே அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஓய்வுக்குப் பிறகு அவருக்குக் கல்வெட்டுப் பித்து பிடித்தது. அதுகூடப் பரவாயில்லை. கல்வெட்டு வகுப்பில் ஒரு சிநேகிதியும் கிடைத்தார். பள்ளியில் வரலாறு நடத்தியவர், கணவரை இழந்தவர். ஞாயிறானால் இருவரும் ஏதாவது கோயில் சுவரைத் தேடிப் போய்விடுவார்கள். மற்ற நாட்களில் போன்.

பேச்செல்லாம் பரகேசரியைப் பற்றித்தான். சோழ அரசர்கள் பட்டத்துக்கு வரும்போது ராஜகேசரி, பரகேசரி என்று மாறி மாறிப் பெயர் வைத்துக்கொள்வார்களாம்; அப்பன் ராஜகேசரி என்றால் தாத்தனும் பேரனும் பரகேசரி. பல கல்லில் சொந்தப் பெயரே இருக்காது, 'கோப்பரகேசரி' என்று மட்டும் வெட்டியிருக்கும். எந்தப் பரகேசரி என்பதில்தான் இவர்களுக்குச் சண்டை.

"அது தாத்தனுங்க, பேரன் இல்ல" என்பார் இவர். அந்தப் பக்கம் என்ன பதிலோ, விழுந்து விழுந்து சிரிப்பார். இத்தனை வருடக் குடித்தனத்தில் நான் சொன்ன எதற்கும் அவர் அப்படிச் சிரித்ததில்லை.

ஒரு ஞாயிறு, "நானும் வாரேன்" என்று கிளம்பிவிட்டேன். மோகனூர்ப் பக்கம் கரும்புக்காட்டு ஓரத்தில் ஒரு பலகைக்கல். அந்த அம்மா மைதா மாவைத் தூவித் துடைத்ததும் எழுத்து வெள்ளையாகத் தெரிந்தது. மாவு என் சமையலறை டப்பாவிலிருந்து போனது. இருவரும் கல்லுக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, தலையோடு தலை ஒட்டப் படித்தார்கள். நான் குடை பிடித்துக்கொண்டு நின்றேன்.

அந்த அம்மா திரும்பிப் பார்த்தார். "நெழல்ல உக்காருங்க. உங்களுக்குச் சலிப்பா இருக்கும்."

அன்பாகத்தான் சொன்னார். அதுதான் சுட்டது.

திரும்பும்போது பஸ்ஸில் கேட்டேன். "எனக்கு இதெல்லாம் மண்டையில ஏறாதுன்னு நெனச்சுட்டீங்களா?"

"நீ எப்பக் கேட்ட?"

"நீங்க எப்பச் சொன்னீங்க?"

மறுநாள் காபி குடிக்கும்போது, தானாகவே கல்வெட்டு எழுத்தில் ககரம் எழுதிக் காட்டினார். வைராக்கியத்தில் படித்தேன்.

அந்த அம்மா மகளோடு இருக்கப் பெங்களூர் போனார். சொல்லிக்கொள்ள வந்தவருக்குப் பணியாரம் சுட்டுக் கொடுத்தேன். என் கை இவ்வளவு லேசாக ஓடிய நாள் சமீபத்தில் இல்லை.

அதற்குப் பிறகு நாங்கள் இருவர் மட்டும் ஆட்டையாம்பட்டிப் பக்கம் ஒரு பழைய கோயிலுக்குப் போனோம். அடிச்சுவரில் எழுத்தெழுத்தாகக் கூட்டி நானே படித்தேன். கோப்பரகேசரி.

"எந்தப் பரகேசரிங்க?"

அவர் வெகுநேரம் குனிந்து பார்த்தார். "அவங்களத்தான் கேக்கோணும்" என்று போனை எடுத்தார். பேசினார், சிரித்தார். பிறகு என்னிடம் நீட்டினார்.

"நீங்களே படிச்சீங்களாமா? ரொம்பச் சந்தோசமுங்க" என்றார் அந்த அம்மா.

"ஆமாங்க" என்றேன். போனை அவரிடமே கொடுத்துவிட்டேன்.