நான் படிக்காமல் விட்ட வரி

எனக்கு நன்றாகப் பேச வரும். ஊராட்சித் தலைவர்களுக்கும் செயலர்களுக்கும் அமைப்பு மேம்பாட்டுப் பயிற்சி நடத்திப் பிழைக்கிறவனுக்கு அது வேண்டும்தான். அந்த வாயை வைத்துக்கொண்டுதான் ஒரு பெண்ணைச் சபையில் தலைகுனிய வைத்தேன். இன்றைக்கு நினைத்தாலும் காது சுடுகிறது.

விழுப்புரத்தில் இரண்டு நாள் பயிற்சி. முதல் நாள் காலை ஆளுக்கொரு சீட்டு கொடுத்தேன். உங்கள் அலுவலகத்தில் வேலை எங்கே முட்டிக்கொண்டு நிற்கிறது, எழுதுங்கள். பெயர் போட வேண்டாம். சீட்டு என் பையை விட்டு வெளியே வராது என்றேன். பெரும்பாலானவர்கள் தெருவிளக்கு, குடிநீர் மோட்டார் என்று ஒப்புக்கு எழுதியிருந்தார்கள். ஒரு சீட்டு மட்டும் வேறு மாதிரி இருந்தது.

‘தலைவர் முத்திரை என்னிடம் இல்லை. செயலர் வீட்டு பீரோவில் இருக்கிறது. யாராவது சான்று கேட்டு வந்தால் நான் அவர் வாசலில் போய் நிற்கிறேன். போன வாரம், முத்திரை எடுத்து வருவதற்குள் கன்றுக்குட்டிக்குத் தண்ணீர் காட்டச் சொன்னார். காட்டினேன். முத்திரையை நான் எப்படிக் கேட்டு வாங்குவது?’

என்னிடம் கேட்ட கேள்வி அது. எழுதியது யார் என்று தெரியாவிட்டாலும் பொதுவாக வழி சொல்லியிருக்கலாம். ஆனால் சாப்பாட்டுக்குப் பிறகு கூட்டம் கண்ணயர்ந்தது. எழுப்ப எனக்கு ஒரு கதை தேவைப்பட்டது. சீட்டை எடுத்தேன். செயலருக்கு ஒரு அதட்டல் குரல், தலைவருக்கு ஒரு இழுவைக் குரல் என்று நடித்தே காட்டினேன். அரங்கம் அதிர்ந்தது. கடைசி வரியை மட்டும் விட்டுவிட்டேன். அதற்கு யாரும் சிரிக்க மாட்டார்கள்.

ஒரே ஒரு செயலர் சிரிக்கவில்லை. மெதுவாகத் திரும்பி, ஜன்னலோரம் இருந்த பெண்ணைப் பார்த்தார். அவர் செயலராக இருந்த, வல்லம் பக்கத்து ஊராட்சியின் தலைவர் அந்தப் பெண். காலையில் எல்லோருக்கும் முன்னால் வந்து, அட்டை போட்ட நோட்டுடன் உட்கார்ந்திருந்தவர். செயலர் பார்த்த திசையில் மற்றவர்களும் பார்த்தார்கள். அந்தப் பெண் நோட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டார்.

டீ நேரத்தில் அந்தச் செயலர் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, “தலைவரே, கன்னுக்குட்டி தாகமா கெடக்குதாம். ஜல்தியா வந்து தண்ணி காட்டுங்க” என்றார்.

நான் இரண்டடி தள்ளி நின்றிருந்தேன். ஒரு வார்த்தை அதட்டியிருந்தால் போதும். பயிற்சி கொடுக்க வந்த ஆள், எனக்கு அந்த உரிமை இருந்தது. நான் பிஸ்கட்டை டீயில் நனைத்துக்கொண்டிருந்தேன். கோழைத்தனம், வேறென்ன.

சில மாதம் கழித்துத் திண்டிவனத்தில் மறுபயிற்சி. மன்னிப்பு கேட்க வேண்டும் என்று பஸ்ஸில் வழி நெடுக ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். அவர் வந்திருந்தார், அதே நோட்டுடன். பக்கத்தில் போனதும் ஒத்திகையெல்லாம் காற்றில் போயிற்று.

“முத்திரை உங்க கைக்கு வந்துச்சுங்களா?” என்று மட்டும் கேட்டேன்.

“இப்போ வாசல்ல நிக்கிற வேலையே இல்ல சார். அவரே குத்தி அனுப்பிடறாரு. நான் கையெழுத்து போட்டா போதுமாம். ஊர்ல கன்னுக்குட்டி கன்னுக்குட்டின்னு சொல்லிக்கினு சிரிக்கறாங்க” என்றார். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அன்றும் ஆளுக்கொரு சீட்டு கொடுத்தேன். அவர் எல்லோருக்கும் முன்னால் எழுதி முடித்து, மடிக்காமலே கொண்டுவந்து நீட்டினார். ‘முத்திரையை நான் எப்படிக் கேட்டு வாங்குவது?’ அந்த ஒரே வரி. கீழே அவர் பெயர், ஊர், கையெழுத்து.

“அன்னிக்கு இத மட்டும் ஏன் சார் படிக்காம வுட்டீங்க?”

“மறந்துட்டேங்க” என்றேன்.